வீட்டு வைஃபைக்கு ஒரு நல்ல பூட்டு



தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கும் இன்று நாங்கள் ஒரு பூட்டைப் பற்றிச் சொல்லப் போகிறோம். இந்தப் பூட்டைக் கதவில் காண முடியாது. இதன் சாவி கொத்திலும் தொங்காது. ஆயினும் இது சரியாக இல்லாவிட்டால் வீட்டில் பணம் விரயமாகும், பிள்ளைகளின் படிப்புத் தடைப்படும், சில வேளைகளில் அண்டை அயலாரின் உறவும் முறிந்து போகும். வைஃபை என்று நாம் அனைவரும் சொல்கிறோமே, அந்தக் கம்பியில்லா இணையத்தின் பூட்டைத்தான் சொல்கிறோம்.

முதலில், எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். யாருடைய பெயரும் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

அந்த வீட்டில் தாய் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். தகப்பனார் லாரி ஓட்டுகிறார். மூத்த மகள் ஐந்தாம் படிவம். இளைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் தோட்டத்துக்கு இணையக் கம்பி வரவில்லை. ஆகவே, சிம் அட்டை போட்டு இயங்கும் சிறிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று அளவிட்டுத்தான் அதில் இணையம் கிடைக்கும். மகளின் பாடங்களுக்கு அது தாராளமாகப் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் மாதம் போதுமாக இருந்தது. இரண்டாம் மாதம் இருபதாம் தேதியிலேயே தீர்ந்து போயிற்று. மூன்றாம் மாதம் பதினைந்தாம் தேதியோடு சரி. ஆசிரியர் கேட்ட பாடத்தை அனுப்புவதற்கு, அந்தப் பெண் இரவு எட்டு மணிக்குக் கோயில் மேட்டில் போய்க் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் இருட்டில் நிற்பதைப் பார்த்த தாய்க்கு மனம் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரவெல்லாம் படம் ஓடும் சத்தம் கேட்கிறதே, அவர்கள்தான் நம் இணையத்தை எடுக்கிறார்கள் என்று எண்ணி, வாசலில் நின்று நாலு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டார். இருபது ஆண்டுகளாகக் குழம்பும் ரசமும் கைமாறிய இரண்டு வீடுகள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

பள்ளி விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வந்த மாமன் மகன் அந்தப் பெட்டியின் கணக்கைத் திறந்து பார்த்தான். அந்த நேரத்தில் பதினான்கு கருவிகள் அதில் இணைந்திருந்தன. அந்த வீட்டில் இருந்தவை நான்கே நான்கு. மீதிப் பத்தில் பக்கத்து வீட்டுத் தொலைபேசி ஒன்றுகூட இல்லை! அவர்கள் தங்கள் சொந்த சிம் அட்டையில்தான் படம் பார்த்து வந்தார்கள். அப்படியானால் அந்தப் பத்து யாருடையவை? இளைய மகன் பந்து விளையாடும்போது ஒரு நண்பனுக்கு மட்டும் கடவுச்சொல்லைச் சொன்னான். அந்த ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்னான். கடவுச்சொல்லும் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்கள்தாம். சொல்லாவிட்டாலும் ஒருவர் ஊகித்துவிடலாம்.

நேயர்களே, அந்தத் தாயின் தவறு என்று இதை நாங்கள் சொல்ல மாட்டோம். பெட்டியை விற்றவர் பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. ஆகவே இன்று அந்தப் பூட்டு என்ன, அதை எப்படி மாற்றுவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வைஃபை என்பது வானொலி அலைதான். நீங்கள் கேட்கும் இந்தப் பேச்சு எப்படிக் காற்றில் வருகிறதோ அப்படியே அதுவும் வருகிறது. வானொலி அலைக்கு உங்கள் வீட்டுச் சுவர் எல்லையாகாது. லயத்து வீடுகளில் நடுவே பலகையோ ஒற்றைக் கல் சுவரோதான் இருக்கும். உங்கள் பெட்டியின் அலை இரண்டு மூன்று வீடு தாண்டியும், வாசலைக் கடந்து சடக்கு வரையிலும் போகும். அலையைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த அலையில் போகும் செய்தியைப் பிறர் படிக்காமலும், பெட்டிக்குள் பிறர் நுழையாமலும் செய்ய முடியும்.

இதற்குப் பழைய கடிதங்களை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் ஊரிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வரும். தபால் அட்டையாக வந்தால், அது கைமாறி வரும் வழியில் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். ஒட்டிய உறையில் வந்தால், உரியவர் கிழித்தால்தான் செய்தி தெரியும். பூட்டில்லாத வைஃபை தபால் அட்டை. பூட்டுள்ள வைஃபை ஒட்டிய உறை.

உறையிலும் தரம் உண்டு. கம்பியில்லா இணையத்துக்கான பொது விதிமுறை 1997இல் வெளிவந்தபோது, அதனுடன் வந்த முதல் பூட்டின் பெயர் வெப். 2001இல் அதன் உள்ளமைப்பிலேயே ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இன்று அதைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். அது கஞ்சிப் பசை போட்டு ஒட்டிய உறை. ஆவி காட்டினால் பிரிந்துவிடும். அதற்கு மாற்றாக 2003இல் டபிள்யு.பி.ஏ. என்ற பூட்டு வந்தது. அதுவும் இடைக்கால ஏற்பாடுதான். 2004இல் டபிள்யு.பி.ஏ. 2 வந்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் பயன்படுவது இதுவே. 2018இல் டபிள்யு.பி.ஏ. 3 வந்தது. இப்போது கிடைப்பவற்றுள் இதுவே சிறந்தது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். டபிள்யு.பி.ஏ. 2 பூட்டில், உங்கள் தொலைபேசி பெட்டியோடு இணையும் அந்த நொடியில் நடக்கும் பேச்சை ஒருவர் பதிவு செய்துகொண்டு, தம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கணினியைக் கொண்டு கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். நம் கடவுச்சொல் எளியதாக இருந்தால் அகப்பட்டுவிடும். டபிள்யு.பி.ஏ. 3 பூட்டில் அப்படி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க இயலாது. ஒவ்வொரு முறையும் உங்கள் பெட்டியின் முன்னால் வந்துதான் தட்ட வேண்டும். ஆகவே, இரண்டாவது பூட்டு உள்ளவர்கள் கலங்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லை மட்டும் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பூட்டை மாற்றும் வேலைக்கு வருவோம். ஒரு பென்சிலையும் பழைய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பின்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், பெட்டிக்குள் நுழையும் முகவரி, நிர்வாகியின் கடவுச்சொல் ஆகியவை அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: கைத்தொலைபேசியை அந்த வைஃபையில் இணைத்துவிட்டு, தொலைபேசியின் சொந்த இணையத்தைச் சற்று நேரம் அணைத்துவிடுங்கள். பிறகு, இணையப் பக்கம் பார்க்கும் செயலியைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில், சீட்டில் கண்ட எண்ணை எழுதுங்கள். பல பெட்டிகளில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். இடையில் புள்ளி வைக்க மறக்காதீர்கள். சீட்டு கிழிந்து போயிருந்தால், தொலைபேசியின் வைஃபை விவரத்தில் கேட்வே என்ற சொல்லுக்கு எதிரே அந்த எண் தெரியும்.

மூன்றாவது வேலை: நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இது வைஃபைக்குரிய கடவுச்சொல் அன்று என்பதைக் கவனியுங்கள். வைஃபை கடவுச்சொல் முன்வாசல் சாவி. நிர்வாகியின் கடவுச்சொல் அலமாரிச் சாவி. பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு இடத்திலும் அட்மின் என்ற ஒரே சொல்லை வைத்து விற்றார்கள். அது உலகமே அறிந்த சொல். 2016இல் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர் பெட்டிகளையும் தன் வசப்படுத்திக்கொண்டது. கடைகளில் வாங்கிய நாள் முதல் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களே அதற்கு வழி திறந்துவிட்டன. ஆகவே உள்ளே நுழைந்தவுடன் முதலில் இந்த அலமாரிச் சாவியை மாற்றுங்கள்.

நான்காவது வேலை: வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற பகுதிக்குள் போய், செக்யூரிட்டி என்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே பூட்டுகளின் பட்டியல் விரியும். ஓப்பன் என்றால் பூட்டே இல்லை. வெப் வேண்டாம். வெறும் டபிள்யு.பி.ஏ. என்பதும் வேண்டாம். டபிள்யு.பி.ஏ. 3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் பழைய தொலைபேசி ஏதேனும் அதில் இணையாவிட்டால், இரண்டும் மூன்றும் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் இல்லையென்றால் டபிள்யு.பி.ஏ. 2 பர்சனல் போதும், பக்கத்தில் ஏ.இ.எஸ். என்றும் டி.கே.ஐ.பி. என்றும் கேட்டால் ஏ.இ.எஸ். என்பதையே வையுங்கள். பல பெட்டிகளில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசைகள் இருக்கும். ஒன்றை மட்டும் பூட்டி மற்றொன்றை விட்டுவிடக் கூடாது, இரண்டையும் பாருங்கள்.

ஐந்தாவது வேலை: புதிய கடவுச்சொல். எட்டு எழுத்துக்குக் குறைந்து வைக்க முடியாது. அறுபத்து மூன்று வரை வைக்கலாம். அடையாள அட்டை எண், தொலைபேசி எண், பிள்ளையின் பிறந்த நாள், வீட்டு எண், இவை எதுவும் கூடாது. தோட்டத்தில் இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவைதாமே! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். அம்மிக்கல், குடை, பப்பாளி, ரயில் என்பது போல. நீளமாக இருக்கும், ஆனால் மறக்காது. நாங்கள் சொன்ன இந்த நான்கையே வைத்துவிடாதீர்கள். நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது!

வைஃபையின் பெயரையும் மாற்றலாம். குடும்பத் தலைவரின் பெயரையும் வீட்டு எண்ணையும் அதில் போட வேண்டாம். பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். பெயரை மறைப்பது பூட்டாகாது. தேடத் தெரிந்தவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாவது வேலை: சேவ் என்பதை அழுத்துங்கள். அழுத்தியதும் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் தொலைக்காட்சியும் இணைப்பை இழக்கும். பயப்பட வேண்டாம், பெட்டி கெட்டுவிடவில்லை. பூட்டு மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஒவ்வொரு கருவியிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய சொல்லைக் கொடுங்கள். அழையாமல் வந்தவர்கள் அனைவரும் அந்த ஒரே நொடியில் வெளியேறியிருப்பார்கள்.

ஏழாவது வேலை: டபிள்யு.பி.எஸ். என்று ஒரு வசதி இருக்கும். கடவுச்சொல் எழுதாமல் எட்டு இலக்க எண்ணைக் கொண்டே இணையலாம் என்று அதைச் செய்தார்கள். எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் ஊகிக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அந்த எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. ஆகவே முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, ஆக மொத்தம் 11,000 முறை முயன்றால் போதும் என்பது 2011இல் வெளிப்பட்டது. இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

எட்டாவது வேலை: ஃபர்ம்வேர் அப்டேட் என்ற இடத்தைத் தேடி, புதிய திருத்தம் இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். 2017இல் டபிள்யு.பி.ஏ. 2 பூட்டிலேயே ஒரு குறை கண்டறியப்பட்டது. தொலைபேசிகளுக்கும் பெட்டிகளுக்கும் வந்த திருத்தங்களே அதை அடைத்தன. திருத்தம் ஏறும்போது மின்சாரத்தை அணைக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். நிர்வாகியின் கடவுச்சொல் மறந்துவிட்டால், அதற்குள் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்தால் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அதோடு, இணைய நிறுவனம் போட்டுக் கொடுத்த அமைப்புகளும் அழிந்து போகக்கூடும்; அப்புறம் இணையமே வராது. கம்பி வழி இணையம் உள்ளவர்கள், நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட பிறகே அந்தத் துளையைத் தொடுங்கள்.

பெட்டி இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே தகப்பனார் தொலைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, எத்தனையோ வீடுகளில் ஒரே தொலைபேசியை நம்பி மூன்று பிள்ளைகள் படித்ததை நாம் மறக்கவில்லை. அந்த ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே பூட்டுத்தான். தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் ஹாட்ஸ்பாட் என்ற இடத்தில் பெயரையும் பூட்டின் வகையையும் கடவுச்சொல்லையும் மாற்றலாம். படிப்பு முடிந்ததும் அணைத்துவிடுங்கள், மின்கலமும் மிச்சமாகும்.

நேயர்களே, மிகைப்படுத்தி உங்களைப் பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. பக்கத்தில் ஒருவர் உங்கள் வைஃபையில் நுழைந்த உடனே வங்கிப் பணம் போய்விடும் என்று சொன்னால் அது உண்மையன்று. வங்கிச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு உண்டு. ஆனால் நிர்வாகியின் சாவியும் ஒருவர் கையில் சிக்கிவிட்டால், நீங்கள் ஒரு முகவரிக்குப் போக நினைக்கும்போது அவர் உங்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடக்கூடும். உங்கள் இணையத்தைக் கொண்டு ஒருவர் தவறு செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது சந்தாவில் பெயர் கொடுத்த உங்கள் வாசலில்தான். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவதை 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமே நம் நாட்டில் குற்றமாக்கியது என்பதை இளைஞர்களும் நினைவில் வைக்க வேண்டும். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது மறுமொழியாகாது.

இன்னொன்று. வைஃபைக்கு எத்தனை நல்ல பூட்டுப் போட்டாலும், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவர் அழைத்து, உங்கள் தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டு, நீங்களும் சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. அப்படி ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே உங்கள் வங்கியையோ, 2022இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணிலோ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

சரி, பூட்டிவிட்டோம். அண்டை வீட்டார் கேட்டால் என்ன செய்வது? தோட்டத்தில் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி வளர்ந்தவர்கள் நாம். இல்லை என்று சொல்ல வாய் வராது. இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. பல பெட்டிகளில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒரு விருந்தினர் வழி உண்டு. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். விருந்தினர் இணையத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக் கருவிகளை அணுக முடியாது. திண்ணையில் பாய் விரித்து உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறோம். அறையைத் திறந்து விடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான். விருந்தினர் போன பின் அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிடலாம். மாத அளவு குறைவாக உள்ளவர்கள், தேவைப்படும் நேரத்தில் மட்டும் அந்த வழியைத் திறந்து வையுங்கள். அதில் செலவாவதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பிள்ளைகளிடம் சொல்லும் முறையும் முக்கியம். ரோத்தானை எடுக்க வேண்டாம். வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுப்பாயா, தம்பி, என்று கேளுங்கள். இதுவும் சாவிதான் என்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

முதலில் சொன்ன அந்த வீட்டுக்கு வருவோம். மாமன் மகன் அன்று மாலையே பூட்டை மாற்றினான். அந்த மாதம் முப்பதாம் தேதிக்கும் இணையம் மிச்சமிருந்தது. மகள் கோயில் மேட்டுக்குச் சாமி கும்பிட மட்டுமே போனாள். ஆனால் தாய்க்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அது எந்தப் பெட்டியிலும் அழுத்திச் செய்யக்கூடியதன்று. மூன்று நாள் தயங்கிவிட்டு, நான்காம் நாள் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். “அக்கா, நான் தெரியாமல் பேசிவிட்டேன்” என்றார். உள்ளேயிருந்து உடனே பதில் வரவில்லை. பிறகு அந்த அம்மா வெளியே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மறுநாள் கிண்ணம் காலியாகத் திரும்பவில்லை; அதில் நாலு பணியாரம் இருந்தது.

ஆகவே நேயர்களே, இணையம் குறைகிறது, வேகம் இல்லை என்று தோன்றினால், யார் மேலும் பழி சுமத்துவதற்கு முன்பு பெட்டியின் கணக்கைத் திறந்து பாருங்கள். எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்று எண்ணுங்கள். பூட்டின் வகையைப் பாருங்கள், கடவுச்சொல்லை நீளமாக்குங்கள், நிர்வாகியின் சாவியை மாற்றுங்கள். எழுதிய நோட்டை அரிசி மூட்டைக்குப் பின்னாலோ அலமாரியிலோ பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்தால் அரை மணி நேர வேலைதான். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தால், சமையலுக்கு முன்னே முடித்துவிடலாம்.